வேகமில்லாத பெர் மெர்ட்டசாக்கர் ஜெர்மனிக்காக 104 ஆட்டங்கள் ஆடியது எப்படி?

வாசகர் கேள்வி | 2024 ஜூன் 15

ஜெர்மன் கால்பந்து வீரர் பெர் மெர்ட்டசாக்கரைப் பெரிய தடுப்பாட்டக்காரர் என்று இங்கே சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது மிகையாகத் தெரிகிறது. உயரம் இருந்தது, வேகம் துளியும் இல்லை. நல்ல அணிகளில் நல்ல நேரத்தில் இருந்ததால் உலகக் கோப்பை கிடைத்தது. 2014 இறுதியாட்டத்தில் அவர் ஆடியதே கடைசி ஒரு நிமிடம்தானே?

---

ஜூன் 15, இரவு

கடைசி ஒரு நிமிடம் என்பது சரி. அர்ஜென்டினாவுக்கு எதிரான இறுதியாட்டத்தில் 120ஆவது நிமிடத்தில் ஓசிலுக்குப் பதிலாக இறங்கினார். ஆனால் அந்த நிமிடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஒருவருடைய பத்தாண்டுகளை எடைபோடுவது நியாயமாகாது. 2004 அக்டோபரில் டெஹ்ரானில் ஈரானுக்கு எதிராக மாற்று வீரராக அறிமுகமானது முதல் 2014 ஆகஸ்டில் 29 வயதில் ஓய்வை அறிவித்தது வரை, கிளின்ஸ்மன், லோவ் என்ற இரண்டு பயிற்சியாளர்களிடமும் அவர் இடம் பெற்றார். 2006 உலகக் கோப்பையில் மூன்றாமிடம், 2008 ஐரோப்பியக் கோப்பையில் இரண்டாமிடம், 2010இல் மீண்டும் மூன்றாமிடம் என்ற அந்த வரிசை முழுவதிலும் பின்களத்தின் நடுவில் நின்றவர் அவரே. 2012இல் மட்டும் அணியில் இருந்தும் ஆடவில்லை.

நல்ல நேரத்தில் இருந்தார் என்பதையும் நான் ஏற்க மாட்டேன். 2004இல் ஜெர்மனி ஐரோப்பியக் கோப்பையின் முதல் சுற்றிலேயே வெளியேறியிருந்தது. அவர் வந்து சேர்ந்தது சிதறிக் கிடந்த ஓர் அணியில்.

ஜூன் 16

ஒரு திருத்தம் அல்ல, ஒரு வேடிக்கை. 198 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் மூலைப்பந்து உதைகளில் கோல்களைக் குவித்திருப்பார் என்று எவரும் நினைப்பார்கள். 104 ஆட்டங்களில் நாட்டுக்காக அவர் போட்டவை நான்கு. முதலாவது 2005 கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பையில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக. அந்த ஆட்டத்தில் ஜெர்மனி 4-3 என்று வென்றது. மூன்று கோல் வாங்கிய ஆட்டத்தில் தடுப்பாட்டக்காரர் ஒரு கோல் போட்டால் அதை வரவில் வைப்பதா செலவில் வைப்பதா என்று கணக்குப் பிள்ளைகள் சொல்லட்டும்.

ஜூன் 18

அவர் தொடங்கிய இடத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். 1984இல் ஹானோவரில் பிறந்தார். ஊரை ஒட்டிய பட்டென்சன் என்ற சிற்றூரின் சங்கத்தில் சிறுவனாக ஆடிவிட்டு ஹானோவர் 96 சங்கத்தின் இளையோர் பிரிவுக்குச் சென்றார். 2003 நவம்பரில், ரால்ஃப் ராங்னிக் பயிற்சியாளராக இருந்தபோது, ஜெர்மனியின் முதல்நிலை லீக்கான பண்டஸ்லிகாவில் முதல் ஆட்டம். ஓராண்டு முடிவதற்குள் தேசிய அணி. இவ்வளவு விரைவாக மேலேறியவரை எல்லாரும் பிறவி மேதை என்றுதான் அழைப்பார்கள். அவரோ தன்னிடம் திறமை குறைவு என்பதைத் தயக்கமின்றிச் சொல்லிவந்தவர்.

அக்காலத்தில் ஜெர்மனியில் கட்டாய ராணுவப் பணி இருந்தது. அதற்கு மாற்றாகச் சமூகப் பணியைத் தேர்ந்துகொள்ளலாம். மெர்ட்டசாக்கர் அந்தப் பணியை ஹானோவர் அருகே ஒரு மனநலக் காப்பகத்தில் செய்தார். சனிக்கிழமை ஆயிரக்கணக்கானோர் முன் ஆடிவிட்டு வார நாள்களில் நோயாளிகளுடன் பொழுதைக் கழித்த இருபது வயது இளைஞர் அவர். இதைத் துணுக்குச் செய்தியாகக் கடந்துவிடாதீர்கள். பின்னர் அவர் பேசியவற்றுக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

2006இல் வெர்டர் பிரேமனுக்கு மாறினார். அங்கே ஐந்து பருவங்கள், பெரும்பாலும் சக தடுப்பாட்டக்காரர் நால்டோவுடன். அவற்றைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை, ஏனெனில் அவருடைய ஆட்டத்தின் அடிப்படை அதற்கு முன்பே அமைந்துவிட்டது.

ஜூன் 20

இப்போது வேகத்துக்கு வருவோம். நான் கல்லூரி அணியிலும் அதன்பின் சில காலம் மாவட்டப் போட்டிகளிலும் நடுத் தடுப்பாட்டக்காரனாக ஆடியவன், அதுவும் மெதுவானவன். ஆகவே இந்த விஷயத்தில் எனக்கு ஒரு சார்பு உண்டு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

வேகமுள்ள தடுப்பாட்டக்காரனுக்கு இரண்டாம் வாய்ப்பு உண்டு. தவறான திசையில் ஓரடி வைத்துவிட்டாலும் திரும்பி ஓடிப் பிடித்துவிடலாம். மெதுவானவனுக்கு அந்த முதல் அடியே எல்லாம். பந்தைக் கடத்துகிறவனுடைய இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது, முன்கள வீரன் தோளுக்கு மேலாக எங்கே பார்க்கிறான், தன் பக்கத்துத் தடுப்பாட்டக்காரன் எத்தனை கெஜம் மேலேறி நிற்கிறான் என்பவற்றையெல்லாம் உதை விழுவதற்கு முன்பே படித்தாக வேண்டும். மெர்ட்டசாக்கரின் ஆட்டத்தில் நான் பார்த்துப் பார்த்து வியந்தது, அவர் தரையில் சறுக்கிப் பந்தைப் பறிக்கும் காட்சிகள் எவ்வளவு அரிதாக இருந்தன என்பதுதான். அவர் சறுக்கவில்லை என்றால், சறுக்க வேண்டிய நிலை வரும் முன்பே அங்கே போய் நின்றுவிட்டார் என்று பொருள். நீண்ட கால்களைக் குறுக்கே நீட்டிக் கடத்தலின் பாதையை மூடுவார். எதிராளி வேறு வழி தேடுவதற்குள் துணைக்கு ஆள் வந்துவிடும். தொலைக்காட்சியில் இது எதுவும் நடக்காதது போலவே தோன்றும். கேமரா பந்தைப் பின்தொடர்கிறதே தவிர, பந்து போகாமல் போன இடத்தைக் காட்டுவதில்லை.

தவறுக்கு அபராதம் அதிகம் என்பதால், மெதுவானவன் தொண்ணூறு நிமிடமும் கண்ணிமைக்காமல் இருக்க வேண்டும். அது உடம்பைவிட மனத்தை அதிகம் களைப்படையச் செய்யும்.

ஜூன் 21

"அப்படியானால் அவர் அடி வாங்கிய ஆட்டங்களை மறந்துவிட்டீர்களா?" என்று ஒருவர் கேட்கிறார். மறக்கவில்லை. கொஞ்சம் பொறுங்கள்.

ஜூன் 23

அடி வாங்கிய ஆட்டங்கள். 2011 ஆகஸ்ட் 28 அன்று லண்டனின் ஆர்சனல் சங்கம் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 8-2 என்று தோற்றது. மூன்று நாள் கழித்து, வீரர் மாற்றச் சந்தை மூடும் நாளில், மெர்ட்டசாக்கரும் நடுக்கள வீரர் மிகெல் ஆர்ட்டெட்டாவும் ஆர்சனலில் கையெழுத்திட்டனர். எரியும் வீட்டுக்குள் குடிபுகுந்தவர்கள் என்றுதான் சொல்ல வேண்டும். முதல் பருவத்தில் இங்கிலாந்து ஆட்டத்தின் வேகம் அவரைத் திணறடித்தது. 2012 பிப்ரவரியில் சண்டர்லாந்தில் கணுக்கால் காயம் ஏற்பட்டு அந்தப் பருவமே முடிந்துபோனது.

பிறகு 2013-14. ஆர்சனல் வெளியூர்களில் மான்செஸ்டர் சிட்டியிடம் 6-3, லிவர்பூலிடம் 5-1, செல்சியிடம் 6-0 என்று நொறுங்கிய பருவம். பின்களத்தை உயர்த்தி நிறுத்தி, முன்னால் பந்து பறிபோனதும் இரண்டு நடுத் தடுப்பாட்டக்காரர்களும் திறந்த வெளியில் ஓட வேண்டிய நிலை. அங்கே மெர்ட்டசாக்கர் வெறும் பார்வையாளர் ஆனார். 2015 பிப்ரவரியில் மொனாக்கோ லண்டனுக்கு வந்து 3-1 என்று வென்றபோதும் இதே கதை: கோல் தேடி மேலே ஏறிய தடுப்பாட்டக்காரர், பின்னால் வெற்று நிலம்.

ஆனால் அதே 2013-14 பருவத்தில்தான் ஆர்சனலின் கோல்காப்பாளர் ஷ்செஸ்னி 16 ஆட்டங்களில் கோல் வாங்காமல் தங்கக் கையுறை விருதை செல்சியின் செக்குடன் பகிர்ந்துகொண்டார். அவருக்கு முன்னால் நின்ற இணை மெர்ட்டசாக்கரும் லோரன் கொசியல்னியும். கொசியல்னி பாய்ந்து பறிப்பார். மெர்ட்டசாக்கர் பின்வாங்கி இடத்தை மூடுவார். ஒருவர் இல்லாமல் மற்றவர் பாதியாகிவிடுவார் என்பதை அந்தப் பருவம் முழுக்கப் பார்த்தோம். ஒரே மனிதர், ஒரே பருவம், இரண்டு முகங்கள். எந்த ஏற்பாட்டுக்குள் அவரை நிறுத்துகிறோம் என்பதே முடிவைத் தீர்மானித்தது. அது பயிற்சியாளரின் பொறுப்பு என்று நான் நினைக்கிறேன், ஆர்சனல் பயிற்சியாளர் வெங்கரின் மீது எனக்குள்ள மதிப்பையும் மீறி.

ஜூன் 24

விட்டுப்போன ஒன்று. இங்கிலாந்துச் சங்கங்களுக்கான எஃப்.ஏ. கோப்பையின் 2014 அரையிறுதி, எதிரணி விகன். மெர்ட்டசாக்கர் காலை நீட்டி எதிராளியை வீழ்த்தினார், பெனால்டி, ஆர்சனல் பின்தங்கியது. 82ஆவது நிமிடத்தில் அவரே தலையால் முட்டிச் சமன் செய்தார். பெனால்டி உதைகளில் வென்று, இறுதியில் ஹல் சிட்டியை 3-2 என்று வீழ்த்தி, ஒன்பதாண்டுக் கோப்பையில்லாத வறட்சியை அந்தச் சங்கம் முடித்தது. அந்த 82ஆவது நிமிடம் இல்லையென்றால் வெங்கர் அதன்பின் நீடித்திருப்பாரா என்று இன்றும் வாதிடுகிறவர்கள் உண்டு. நான் அந்த வாதத்துக்குள் போகவில்லை.

ஜூன் 26

நண்பர் ஒருவர் செல்சியின் முன்கள வீரர் டியேகோ கோஸ்டாவை நினைவூட்டினார். நல்ல நினைவூட்டல், ஏனென்றால் இந்த இழையில் நான் சொல்லிக்கொண்டிருப்பதெல்லாம் அந்த ஒருவருக்கு எதிரான இரண்டு ஆட்டங்களில் அடங்கியிருக்கிறது.

2016 ஜனவரி, ஆர்சனலின் சொந்தத் திடல். செல்சி வீரர்கள் பின்களத்துக்குப் பின்னால் பந்தை அனுப்ப, கோஸ்டா ஓட, துரத்த முடியாத மெர்ட்டசாக்கர் சறுக்கி அவரை வீழ்த்தினார். 18ஆவது நிமிடத்திலேயே சிவப்பு அட்டை. சற்று நேரத்தில் கோஸ்டா கோல் போட, ஆட்டம் 0-1. சறுக்காதவர் சறுக்கிய நாள்.

அடுத்த பருவத்துக்கு முன்பான பயிற்சி ஆட்டத்தில் முழங்கால் காயம். அணித் தலைவர் என்ற பெயர் மட்டும் இருந்தது. பருவம் முழுவதும் ஆட்டம் இல்லை. கடைசி நாளில் எவர்ட்டனுக்கு எதிராகக் கொசியல்னி சிவப்பு அட்டை பெற, கேப்ரியலும் காயமடைய, மெர்ட்டசாக்கர் மாற்று வீரராக இறங்கினார். ஆறு நாள் கழித்து, 2017 மே 27, வெம்பிளியில் எஃப்.ஏ. கோப்பை இறுதி, எதிரே லீக் வாகையரான செல்சி, எதிரே அதே கோஸ்டா. அந்தப் பருவத்தில் அவர் தொடக்கம் முதல் ஆடிய முதல் ஆட்டம் அதுதான்.

வெங்கர் அப்போது மூவர் பின்களத்துக்கு மாறியிருந்தார். இளைஞர் ராப் ஹோல்டிங் ஒரு பக்கம், நாச்சோ மோன்ரியால் மறுபக்கம், நடுவில் மெர்ட்டசாக்கர். பக்கவாட்டில் ஓட வேண்டிய வேலை இப்போது அவருடையதல்ல. நடுவில் நின்று படிப்பது, கத்துவது, தடுப்பது மட்டுமே. அந்த ஆட்டத்தை மறுபடியும் பார்க்கிறவர்கள் பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பாருங்கள். 76ஆவது நிமிடத்தில் கோஸ்டா ஒரு கோலைத் தேடிக்கொண்டார் என்பது உண்மை. மூன்று நிமிடத்தில் ஆர்சனலின் ராம்சே பதில் தந்தார். 2-1. ஓராண்டு ஆடாத, 32 வயதான, முழங்கால் பழுதான ஒருவர் அன்று ஆடியதைவிடச் சிறந்த தடுப்பாட்டத்தை நான் ஒரு கோப்பை இறுதியில் அதிகம் பார்த்ததில்லை.

ஜூன் 30

அல்ஜீரியா ஆட்டம் நடந்து இன்றோடு பத்தாண்டுகள் ஆகின்றன. போர்த்தோ அலெக்ரே, 2014 உலகக் கோப்பையின் இரண்டாம் சுற்று. லோவ் அந்தத் தொடரை நான்கு நடுத் தடுப்பாட்டக்காரர்களைக் கொண்ட பின்களத்துடன் தொடங்கியிருந்தார்: போட்டெங், மெர்ட்டசாக்கர், ஹும்மெல்ஸ், ஹோவெடஸ். வழக்கமாகப் பக்கத் தடுப்பாட்டக்காரரான லாம் நடுக்களத்தில். அன்று ஹும்மெல்ஸ் காய்ச்சலில் படுத்திருக்க, முஸ்தாஃபி வலப்பக்கம் ஆடினார். பின்களம் மைதானத்தின் பாதிவரை ஏறி நின்றது. அல்ஜீரியர்கள் அதன் தலைக்கு மேலே பந்தை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். கோல்காப்பாளர் நோயர் திரும்பத் திரும்பத் தன் பெட்டியை விட்டு வெளியே ஓடிவந்து ஐந்தாவது தடுப்பாட்டக்காரராக ஆடினார். கூடுதல் நேரத்தில் ஷூர்லேயும் ஓசிலும் கோல் போட 2-1.

முடிந்தவுடன் ஜெர்மன் தொலைக்காட்சியான ஸெட்.டி.எஃப். செய்தியாளர் ஆட்டம் ஏன் இவ்வளவு தடுமாறியது என்று துருவிக் கேட்க, மெர்ட்டசாக்கர் வெடித்தார். கடைசிப் பதினாறு அணிகளில் திருவிழாக் கோமாளிக் கூட்டமா வந்து நிற்கிறது என்று திருப்பிக் கேட்டார். தான் இப்போது மூன்று நாள் பனிக்கட்டித் தொட்டியில் கிடக்கப்போவதாகவும் அதன்பின் பேசலாம் என்றும் சொல்லிவிட்டு நகர்ந்தார். எப்போதும் அடக்கமாகப் பேசும் மனிதர் வெடித்ததை நாடு ரசித்தது. அதே தொலைக்காட்சியில் அவர் இப்போது ஆட்ட விமர்சகராக உட்கார்ந்து மற்றவர்களின் தடுமாற்றத்தை அலசுகிறார் என்பது காலத்தின் குறும்பு.

அடுத்த ஆட்டத்தில், பிரான்சுக்கு எதிராக, லோவ் அவரை உட்காரவைத்தார். லாம் வலப்பக்கம் திரும்பினார், போட்டெங் நடுவுக்கு வந்தார், நலம்பெற்ற ஹும்மெல்ஸ் அந்த ஆட்டத்தின் ஒரே கோலைப் போட்டார். பிரேசிலுடனான அரையிறுதியில் இடைவேளையில் 5-0 இருந்தபோது ஹும்மெல்சுக்குப் பதிலாக மெர்ட்டசாக்கர் வந்தார். பிறகு அந்தக் கடைசி நிமிடம்.

ஜூலை 1

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு "ஆக, அவரை நீக்கியதால்தான் ஜெர்மனி வென்றது" என்று முதல் கேள்வியைக் கேட்டவர் முடிவுகட்டுகிறார். யோசித்துப் பார்த்தேன். நீக்கியது சரி என்று ஒப்புக்கொள்கிறேன். அவ்வளவு உயரத்தில் பின்களத்தை நிறுத்த விரும்பிய பயிற்சியாளருக்கு போட்டெங்கும் ஹும்மெல்சும் பொருத்தமான இணை. ஆனால் லாம் வலப்பக்கம் திரும்பியதுதான் பெரிய மாற்றம் என்பது என் கணிப்பு. இடம் இழந்தவர் முகம் சுளித்து அறைக்குள் நஞ்சைக் கலக்கியிருந்தால் கதை வேறாகியிருக்கலாம் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். நூறு ஆட்டங்களைத் தாண்டிய ஒருவர், காலிறுதிக்கு முன் நீக்கப்பட்டு, ஓரத்தில் நின்று கைதட்டினார். அது தடுப்பாட்டத் திறமை அல்லதான்; அணிக்கு அது பயன்படாது என்று எந்தப் பயிற்சியாளரும் சொல்ல மாட்டார்.

ஜூலை 3

இந்த இழை தொடங்கியபோதே எழுத நினைத்துத் தள்ளிப்போட்டது ஒன்று உண்டு. 2018 மார்ச்சில், ஓய்வுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, டெர் ஷ்பீகல் இதழுக்கு அவர் அளித்த பேட்டி. ஆட்ட நாள் காலைகளில் வயிற்றுப்போக்கு. தொடக்க ஊதலுக்குச் சில நொடிகள் முன்பு வாந்தி வருவது போன்ற குமட்டல். கேமராவில் தெரியாதபடி தலையைத் திருப்பி அதை விழுங்கிக்கொள்வது. இது பல நூறு ஆட்டங்களிலும் நடந்தது என்றார். காயங்கள் ஏற்பட்டபோது அவை ஓய்வாகத் தோன்றின என்றும், கடைசி நாள்களில் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருப்பதையே விரும்பியதாகவும் சொன்னார்.

சொந்த நாட்டில் நடந்த 2006 அரையிறுதியைப் பற்றி அவர் சொன்னதுதான் பலரை அதிரவைத்தது. டோர்ட்மண்டில் இத்தாலியிடம் தோற்றபோது ஏமாற்றம் இருந்தது, ஆனால் எல்லாவற்றையும்விட மேலாக அது முடிந்துவிட்டதே என்ற நிம்மதி இருந்தது என்றார்.

மெதுவானவனுக்கு முதல் அடியே எல்லாம் என்று ஜூன் 20 அன்று எழுதினேன். அந்த வரியின் விலையை அவர் வயிற்றால் கொடுத்திருக்கிறார். எங்களைப் போன்ற சில்லறை ஆட்டக்காரர்களுக்கே ஆட்ட நாளில் காலை உணவு இறங்காது. கழிப்பறை வரிசையில் நின்றபடி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்திருக்கிறோம். அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. எட்டு கோடிப் பேரின் எதிர்பார்ப்பைச் சுமந்தவர் பேசினார்.

ஜூலை 4

முன்னாள் ஜெர்மன் அணித் தலைவர் லோத்தர் மத்தேயுஸ் அப்போது கடுமையாக விமர்சித்ததை ஒருவர் மேற்கோள் காட்டி, அவர் பக்கமே நிற்கிறார்: இவ்வளவு துன்பப்பட்டவர் அதே தொழிலில் நீடித்து இளைஞர்களுக்கு என்ன கற்றுத்தருவார் என்ற கேள்வி. நான் எதிர்ப்பக்கம். பயமே அறியாத ஒருவர் பதினாறு வயதுப் பையனின் பயத்தை எப்படி அடையாளம் காண்பார்?

மேலும் ஒன்றை மறக்கக் கூடாது. ஹானோவரில் 2004 முதல் 2006 வரை மெர்ட்டசாக்கருக்குப் பின்னால் கோல் காத்தவர் ராபர்ட் என்கே. மனச்சோர்வை உலகத்திடமிருந்து மறைத்துக்கொண்டே தேசிய அணிவரை ஆடிய என்கே 2009 நவம்பர் 10 அன்று தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த வாரம் சிலியுடன் நடக்கவிருந்த நட்பு ஆட்டத்தை ஜெர்மனி கைவிட்டது. இனி இப்படி நடக்காது என்று எல்லாரும் பேசினார்கள்; பண்டஸ்லிகா சில நாள்களில் மீண்டும் தொடங்கியது. அந்த அமைதியை எட்டாண்டுக்கு மேல் கழித்து உடைத்தவரைப் பலவீனமானவர் என்பது எனக்குக் கோபத்தையே தருகிறது.

ஜூலை 6

ஸ்டுட்கார்ட்டில் நேற்று ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதியில் ஸ்பெயின் 119ஆவது நிமிடத்தில் ஜெர்மனியை வெளியேற்றியது. 2006 அரையிறுதியில் இத்தாலியின் க்ரோசோ போட்ட கோலும் 119ஆவது நிமிடம்தான். ஊதலுக்குப் பின் தரையில் கிடந்த ஜெர்மன் வீரர்களைக் கேமரா ஒவ்வொருவராகக் காட்டியபோது, இவர்களில் யாருக்கு இப்போது நிம்மதியாக இருக்கும் என்று நான் தேடினேன். இப்படிப் பார்க்கும் பழக்கம் எனக்கு 2018க்கு முன் இல்லை.

ஜூலை 9

இளையோர் பயிற்சிக்கூடத்தைப் பற்றிய கேள்விகளுக்கு. ஓய்வுபெற்ற 2018 கோடையில் அவர் ஆர்சனலின் ஹேல் எண்ட் பயிற்சிக்கூடத்தின் பொறுப்பாளர் ஆனார். 2019 இறுதியில் லூங்பெரி இடைக்காலப் பயிற்சியாளராக இருந்தபோது சில வாரம் அவருக்குத் துணையாக நின்றதைத் தவிர, முதல் அணியின் பக்கம் அவர் வரவில்லை. அவருடன் ஒரே நாளில் கையெழுத்திட்ட ஆர்ட்டெட்டா அந்த முதல் அணியின் பயிற்சியாளர்.

ஆர்சனல் முன்கள வீரர் புகாயோ சாக்காவை மெர்ட்டசாக்கரின் கணக்கில் எழுதுகிறவர்கள் அவசரப்படுகிறார்கள். சாக்கா சிறுவயது முதலே அங்கே வளர்ந்தவர், 2018 நவம்பரில் முதல் அணியில் ஆடியபோது மெர்ட்டசாக்கர் பொறுப்பேற்றுச் சில மாதங்களே ஆகியிருந்தன. 2022 செப்டம்பரில் 15 வயதில் பிரீமியர் லீக்கில் இறங்கிய ஈதன் நுவானேரியைப் பற்றிப் பேசினால் ஓரளவு பொருந்தும். அதிலும் எனக்கு ஆர்வமூட்டுவது நுவானேரி அல்ல. அந்தக் கூடத்துக்கு வரும் சிறுவர்களில் மிகப் பெரும்பாலானோர் எந்த முதல் அணியிலும் ஆடப்போவதில்லை. அவர்களை எப்படி வழியனுப்புகிறார்கள், அதற்கு முன் அவர்களிடம் என்ன பேசுகிறார்கள் என்பதில்தான் இந்தப் பொறுப்பாளரின் வேலையை அளக்க முடியும். அதற்குப் புள்ளிப்பட்டியல் கிடையாது.

ஜூலை 10

வரிசைப்படுத்தச் சொல்லி விடாமல் கேட்பவருக்கு: இந்த நூற்றாண்டின் ஜெர்மன் நடுத் தடுப்பாட்டக்காரர்களில் ஹும்மெல்சும் போட்டெங்கும் அவருக்கு மேலே, அதன்பின் அவர். ரூடிகரை எங்கே வைப்பது என்பதை அவர் ஆடி முடித்த பிறகு சண்டையிட்டுக்கொள்வோம்.